தாங்குபவனின் அச்சம்

(அரியலூரில் ஆசிரியரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



அச்சத்தைப் பற்றி நூல்கள் நிரம்பப் பேசியிருக்கின்றன. ஆனால் அவை பேசுவதெல்லாம் பெரும்பாலும் தனியொருவன் அச்சம். காட்டிலே, போரிலே, இருட்டிலே, பரீட்சை மண்டபத்திலே ஒருவன் தனக்குள் நடுங்கித் தனக்குள் தேறுகிற கதை. நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அதுவன்று. ஒருவன் தோள்மேல் மற்றொருவன் ஏறி நிற்கிறான். ஒருத்தியின் உள்ளங்கைமேல் மற்றொருத்தி தலைகீழாய் நிற்கிறாள். இருவர் சேர்ந்தாலன்றிச் செய்ய இயலாத அந்த உடல் வித்தைகளில் அச்சம் எங்கே பிறந்து எவ்வழியே போகிறது என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல நினைக்கிறேன். கிழவன் ஒருவன் மேடையேறிக் குட்டிக்கரணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறானே என்று மாணவர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், அந்த வயதில் நானும் சிரித்தவன்தான்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். பெரம்பலூர் அந்நாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் ஒரு தாலுகா. அது தனி மாவட்டமானது 1995-இல். திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும், பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை என் தகப்பனார் என்னை அழைத்துப் போயிருந்தார். தரிசனம் முடிந்து வெளியே வந்தால், புளியமரத்து நிழலை ஒட்டிய வெட்டவெளியில் கழைக்கூத்து. இடுப்பில் பழந்துணியைப் பல சுற்றாகச் சுற்றி, அதன் மடிப்பில் மூங்கிற் கழையின் அடியை ஊன்றிக்கொண்டு ஒருவன் நின்றான். கழையின் உச்சியில், என் வயதே உள்ள ஒரு பெண் குழந்தை, வயிற்றைக் கணுவின்மேல் அழுத்திக் கையையும் காலையும் விரித்துக் கிடந்தது. அதன் தாய் தரையில் உட்கார்ந்து மேளம் தட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் முழுதும் வாயைத் திறந்தபடி அண்ணாந்து அந்தக் குழந்தையைப் பார்த்தது, நானும் பார்த்தேன். என் தோளைப் பிடித்திருந்த தகப்பனார் குனிந்து, “பொண்ணைப் பாக்காதடா, அவங்கப்பன் காலைப் பாரு” என்றார்.

பார்த்தேன். அந்த மனிதனுடைய முகம் அசையவில்லை, கண் இமைக்கவில்லை. நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை ஒரு கண்ணுக்குள் போயிற்று, அதை அவன் துடைக்கவும் இல்லை. ஆனால் கால்களோ ஒரு கணமும் சும்மா இருக்கவில்லை. பத்து விரல்களும் மண்ணைத் துழாவிக்கொண்டே இருந்தன. பாதம் அரை அங்குலம் இப்படி, ஓர் அங்குலம் அப்படி என்று, ஏதோ கொதிக்கிற தரையில் நிற்பது போல ஓயாமல் நகர்ந்தது. குழந்தை இறங்கித் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தபோது, அவன் மரத்தடியில் குந்திப் பீடி பற்றவைக்க முயன்றான். கை நடுங்கி இரண்டு முறை குச்சி அணைந்துபோயிற்று. “அவருக்குமா பயம்?” என்று நான் கேட்டேன். “பயமில்லேன்னா அந்தப் பொண்ணு எப்பவோ உழுந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் தட்டில் ஓரணாவைப் போட்டார்.

இந்த வித்தை நம் நாட்டில் நேற்று வந்ததன்று. குறுந்தொகையில் பெரும்பதுமனார் என்னும் புலவர், பாலை வழியில் வாகை நெற்றுகள் காற்றில் கலகலப்பதற்கு ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டுகிற பறையை உவமையாக்குகிறார். நற்றிணையில் கொட்டம்பலவனார் காட்டும் காட்சி இன்னும் இனியது: ஆடுமகள் நடந்துவிட்டுப் போன முறுக்குக் கயிற்றில் ஒரு குரங்குக் குட்டி தொங்கி ஆட, குறவர் வீட்டுச் சிறுவர்கள் பாறைமேல் ஏறித் தாளம் கொட்டுகிறார்கள். இரண்டு பாட்டிலும் ஆட்டத்தோடு தாளம் இருப்பதைக் கவனியுங்கள். அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன். ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண் வேண்டும் என்று நாம் தினமும் சொல்கிற பழமொழியும் இந்தக் கயிற்றிலிருந்து இறங்கி வந்ததுதான்.

ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் குழந்தையின் நம்பிக்கையைப் புகழ்ந்து பேசி நாம் கைதட்டிவிட்டுப் போவது நியாயமாகாது. அது விரும்பி ஏறவில்லை, பசி ஏற்றியது. ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் நம்பிக்கை என்கிற சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. மிகவும் தாமதமாக வந்த உத்தரவு என்பது என் அபிப்பிராயம். நான் இன்று பேசுவது அந்தத் தகப்பனுடைய பாதங்களிலிருந்து நான் கற்றதைப் பற்றித்தானேயன்றி, அந்த வாழ்க்கையைச் சிலாகிப்பதற்காக அன்று.

கீழே நிற்பவனுக்கு நல்ல தமிழில் ஒரு பெயர் வேண்டும். அடியில் நிற்கிற ஆள் ஆகையால் அடியாள் என்று சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லை அரசியல்வாதிகள் கெடுத்துவிட்டார்கள். ஆகவே தாங்குபவன் என்றும் ஏறுபவன் என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் போனதும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பென்சிலை விரல் நுனியில் செங்குத்தாக நிறுத்த முயலுங்கள், நிற்காது. நீண்ட காம்புள்ள துடைப்பத்தைக் கனத்த பக்கம் மேலாக நிறுத்துங்கள். சிறிது பழகினால் நின்றுவிடும். நீளமானது மெதுவாகச் சாய்கிறது. மெதுவாகச் சாய்வதால், சாய்கிற பக்கம் கையை நகர்த்தி அதன் அடியில் கொண்டுவந்து வைக்க நமக்கு நேரம் கிடைக்கிறது. கழை உயர உயரப் பார்ப்பவர்களுக்குப் பயம் கூடுகிறது. தாங்குபவனுக்கோ அவகாசம் கூடுகிறது. விழுந்தால் அடி பலமாகப் படும் என்பது வேறு விஷயம். துடைப்பத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு அதை நிறுத்த முடியாது, உச்சியைப் பார்த்தால்தான் முடியும் என்பதையும் காண்பீர்கள். அந்த மனிதன் கண்ணில் வியர்வை விழுந்தும் இமைக்காததற்குக் காரணம் அதுதான்.

இனி ஏறுபவனுடைய வேலை. துடைப்பம் தானாக ஒன்றும் செய்வதில்லை என்பதால் அதை நிறுத்துவது சுலபம். அதற்கு உயிர் வந்து, ஐயோ சாய்கிறோமே என்று அதுவும் தன் பங்குக்கு ஒரு பக்கம் வளைந்தால் என்ன ஆகும்? தாங்குபவன் வலப்பக்கம் நகர்ந்து சரி செய்த அதே கணத்தில் ஏறுபவனும் தானாக வளைந்து சரி செய்தால், இரண்டு சரியும் சேர்ந்து ஒரு பெரிய தவறாகி இருவரும் தரையில் கிடப்பார்கள். ஆகவே இந்த வித்தையின் முதல் விதி: தாங்குபவன் திருத்துவான், ஏறுபவன் உடலை ஒரு கட்டையைப் போல இறுக்கிக்கொண்டு சும்மா இருப்பான். பார் விளையாட்டில் ஊஞ்சலிலிருந்து பறந்து வருபவரும் அப்படியே. கையை நீட்டிக் கொடுக்கலாமேயன்றித் தாவிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. கேட்பதற்கு எளிது. ஆனால் தலைக்குமேல் வானமும் காலுக்குக் கீழே இன்னொருவன் தோளுமாக நிற்கும்போது, சாய்கிறோம் என்று சரீரம் முழுதும் கூவும்போது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கடினமான காரியம் உலகத்தில் இல்லை. சும்மா இருத்தலே சுகம் என்று நம் பெரியோர்கள் உபதேசித்தார்களே, அதைப் பிரசங்கத்தில் கேட்டு நான் ஒருபோதும் விளங்கிக்கொண்டதில்லை. இன்னொருவன் தோளில் நின்ற அன்று கொஞ்சம் விளங்கிற்று.

நம் பக்கத்து விவசாயிகள் இதைக் கல்லாமலே கற்றிருந்தார்கள். மின்சார மோட்டார் வராத காலத்தில் கிணற்றடியில் மிதியேற்றம் இருந்தது. இன்றைய மாணவர்கள் அதைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். நட்ட மரத்தின்மேல் குறுக்கே ஒரு நீண்ட ஏற்றமரம். அதன் ஒரு முனையில் கழியில் கட்டிய சால் கிணற்றுக்குள் தொங்கும். ஏற்றமரத்தின்மேல் ஓர் ஆளோ இரண்டு ஆளோ முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் முன்னே வந்தால் சால் இறங்கும், பின்னே போனால் ஏறும். கிணற்று விளிம்பில் நிற்பவன் கழியைப் பிடித்து இறக்கி, நிறைந்த சாலை வாங்கி வாய்க்காலில் கவிழ்ப்பான். கீழே இருப்பவன் கணக்குத் தப்பிச் சாலை முன்கூட்டி விட்டுவிட்டால் மேலே நடப்பவனுக்குக் கால் தட்டிப் போகும். மேலே இருப்பவன் அவசரப்பட்டால் கீழே இருப்பவனைக் கழி கிணற்றுக்குள் இழுக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் பாட்டு. ஏற்றப் பாட்டு களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடியது என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். களைப்புக்கு மட்டுமன்று, எத்தனையாவது சால், இப்போது கால் எங்கே, கை எங்கே என்பதைக் கண்ணால் காணாமல் காதால் அறிவதற்காகவும் பாடினார்கள். கழைக்கூத்தில் அந்தத் தாய் தட்டிய மேளத்தையும் நான் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன்.

இதே சங்கதியைக் கடலுக்கு அப்பாலும் காணலாம். ஸ்பெயின் தேசத்தின் கட்டலோனியாப் பகுதியில், வால்ஸ் என்னும் சிற்றூரைச் சுற்றி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதக் கோபுரம் எழுப்புகிறார்கள். ஒருவர் தோள்மேல் ஒருவராய் எட்டு, ஒன்பது, சில வேளைகளில் பத்து அடுக்கு. யுனெஸ்கோ 2010-இல் அதை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. கோபுரத்தின் உச்சியில் ஒரு சிறு குழந்தை ஏறி ஒரு கையை உயர்த்தும். எல்லாப் புகைப்படமும் அந்தக் கையைத்தான் எடுக்கும். எனக்கோ அடித்தளத்தில் நிற்கும் நூற்றுக்கணக்கான ஜனங்களைப் பற்றியே அக்கறை. ஒருவர் முதுகில் ஒருவர் நெஞ்சைப் பதித்து, கைகளை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து நெருக்கி நிற்கும் அவர்களில் பலருக்குக் கோபுரம் கண்ணுக்கே தெரிவதில்லை. நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் கிரால்யா என்றொரு குழலின் இசை, இப்போது இத்தனை அடுக்கு எழுந்தது, குழந்தை கை உயர்த்திவிட்டது, இனி இறங்குகிறார்கள் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்கிறது. கோபுரம் சரிந்தால் மேலிருப்பவர்கள் விழுவது அவர்கள்மேல்தான். உச்சிக்கு ஏறும் குழந்தைகளுக்கு இப்போது தலைக்கவசம் உண்டு. 2006-இல் ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு அது உறுதியாயிற்று.

பம்பாயில் கோகுலாஷ்டமிக்குத் தயிர்ச் சட்டி உடைக்க எழும்பும் கோபுரங்களும் இந்த ஜாதிதான். நம் கிருஷ்ணன் கோயில்களின் வழுக்கு மரமும் அதற்கு ஏழைத் தம்பி. எண்ணெய் பூசிய மரத்தைத் தனியாகக் கட்டிப்பிடித்து ஏற முயன்றவன் வழுக்கிக்கொண்டு வருவதையும், கடைசியில் நாலு பேர் தோள் கொடுத்தால்தான் முடிப்பைத் தொட முடிகிறது என்பதையும் எல்லாரும் கண்டிருக்கிறோம். நட்ட கம்பத்தில் ஏறி வித்தை செய்யும் மல்லர் கம்பமும் இருக்கிறது. மராட்டியத்தில் பேஷ்வா காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் புத்துயிர் கொடுத்த அந்த வித்தையை நமக்கு அண்டையில் விழுப்புரத்துப் பிள்ளைகள் சிரத்தையோடு பயில்கிறார்கள். கம்பத்தையே பெருமாளாக வணங்கும் கல்லங்குறிச்சி இந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்க, நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஒரு கம்பம் நடக்கூடாது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு வாக்கில் யோகாசனத்தையும் இந்த இருவர் வித்தையையும் கலந்து அக்ரோயோகா என்ற பெயரில் பரப்பினார்கள். ஒருவர் மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்த, மற்றவர் அந்தப் பாதங்களில் இடுப்பெலும்பைப் பொருத்திப் பறவை போல் விரிந்து கிடப்பது அதன் பால பாடம். நம் வீட்டுப் பாட்டிமார் முழங்காலை மடக்கிப் பேரக் குழந்தையைக் கணைக்கால்மேல் கிடத்தி ஆட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய புதுமையாகத் தோன்றாது. ஆனால் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பக்கத்தில் காவல் நிற்க மூன்றாவது ஆள் ஒருவரைப் பயிற்சியின் அங்கமாகவே வைத்தார்கள். தாங்குபவர், ஏறுபவர் இருவரில் எவர் வேண்டுமானாலும் ‘இறக்கு’ என்று சொல்லலாம், சொன்னால் ஏனென்று கேளாமல் இறக்க வேண்டும் என்பதையும் பழக்கமாக்கினார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாததால் நேர்ந்த கதை என்னிடம் ஒன்று உண்டு.

ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து வெளிவந்தவர்கள் நம் ஜில்லாப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியிருந்தார்கள். எங்கள் டிரில் மாஸ்டரும் அங்கே பயின்றவர். ஆண்டு விழாவுக்குப் பிரமிடு கட்டப் பழக்கினார். பாரம் தாங்கும் உடம்பு என்று என்னைக் கீழ் வரிசையில் நிறுத்தினார். என் தோளில் ஏறுபவன் என் வகுப்புத் தோழன், ஒல்லியானவன், பெஞ்சியில் என் பக்கத்தில் உட்காருபவன். விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், சாயங்காலம், நாலாவது முறையாகக் கட்டினோம். எனக்கு முழங்கால் நடுங்கிற்று. தொடையில் தொடங்கிக் கணுக்கால் வரை, மழைக்கால ஆட்டுக்குட்டிக்கு நடுங்குவது போல. சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் மேலேயிருந்து மெதுவாக, “என்னடா ஆடுது?” என்றான். “ஒண்ணுமில்ல, நீ நில்லு” என்றேன். அவன் என்னை நம்பி நின்றான். அடுத்த கணம் என் கால் மடங்கிற்று. அவன் வலக்கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு ஒடிந்தது. மூங்கில் பத்தை வைத்து முட்டைக் கட்டுப் போட்டு ஒன்றரை மாதம் இடக்கையால் சோறு தின்றான்.

டிரில் மாஸ்டர் பிரம்பை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுத்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், “கால் நடுங்கிச்சா?” என்றார். “ஆமாங்க சார்.” “எப்பலேருந்து?” “மூணாவது தடவைலேருந்து.” அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நடுங்கினது தப்பில்ல. அவன் கேட்டான் பாரு, அப்ப ஒண்ணுமில்லேன்னியே, அதுதான் தப்பு” என்றார். அந்த ஆண்டு பிரமிடு கிடையாது என்று அவரே தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பையன்களைக் குறை சொல்லவில்லை. மூன்று முறைக்குமேல் கட்டவிட்டது தம்முடைய பிழை என்று சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 23-ஆம் நாள், வெள்ளம் பெருகிய மருதையாற்றுப் பாலத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் காலுக்குக் கீழே பாலம் இருக்கிறது என்று நம்பி உறங்கியவர்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அப்போது ராஜினாமா செய்தார். அந்த ஆண்டே மெகபூப்நகர் விபத்துக்குப் பிறகு அவர் கொடுத்த ராஜினாமாவை ஏற்க மறுத்த நேரு, இம்முறை ஏற்றுக்கொண்டார். பாலத்தைச் சாஸ்திரியா கட்டினார், தண்டவாளத்தை அவரா பார்த்தார் என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கேள்வி சரிதான். ஆனால் எங்கள் டிரில் மாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

மணிக்கட்டு ஒடிந்ததற்கு மறு ஆண்டு எங்கள் பள்ளியில் பிரமிடுப் பயிற்சி மறுபடி தொடங்கிற்று. இம்முறை மாஸ்டர் தோளில் ஏறுவதிலிருந்து தொடங்கவில்லை. ஒரு வாரம் முழுதும் ஜோடி ஜோடியாக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து சேர்ந்து எழுந்தோம். இரண்டாம் வாரம் ஒருவன் மண்டியிட, மற்றவன் அவன் முதுகில் ஒரு பாதத்தை மட்டும் வைத்து எடுத்தான். வைக்கும் இடம்கூட அவர் காட்டினார்: இடுப்பெலும்பின்மேல், முதுகெலும்பில் படாமல். விழுவதையும் பழக்கினார், ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி, கையை ஊன்றாமல் தோளை மடக்கி உருளச் சொன்னார். அடியில் நிற்பவன் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும், சொல் நின்றால் மேலே இருப்பவன் இறங்கிவிட வேண்டும் என்பது அவருடைய புதிய ஏற்பாடு. மாதக்கணக்கில் இப்படிப் போனபின் ஒரு நாள், ஏறுபவர்கள் தாங்களே தங்கள் ஆளைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்.

என் தோழன் அந்த ஆண்டும் வந்திருந்தான். மணிக்கட்டு சற்றே கோணலாகக் கூடியிருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிச் சிரிப்பான். கீழ் வரிசையில் ஆறு பேர் நின்றோம். என்னிலும் உறுதியானவர்கள் மூவர் இருந்தார்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் பார்க்கக் கூடாது என்று நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மணலில் காலடி கேட்டது. தோளில் ஒரு கை விழுந்தது. அந்தக் கை மற்றக் கையைப் போல் நேராக இல்லை.

“கால் எப்படி இருக்கு?” என்றான்.

“நடுங்குது” என்றேன்.

“சரி, இருக்கட்டும்” என்று சொல்லி, கையை எடுக்காமல் அப்படியே நின்றான். மற்ற ஜோடிகளெல்லாம் ஏறிவிட்டார்கள். மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான், “இப்ப ஏறு” என்றேன். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணத் தொடங்கினேன்.